மோவாயைத் தூக்கினால் அம்மா

மெஹராஜ் பேகம் தன் உம்மாவின் கபுறைத் தோண்டி, எலும்பைப் பொறுக்கி, வியட்நாமுக்கு அனுப்பிவைக்கப்போகிறாள் என்ற பேச்சு, முத்தாழங்குடி முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் மெஹராஜ் பேகத்தின் காதுக்கு வந்துசேர்ந்தது. அதுவும் மீன்கூடையோடு.

தனபாக்கியம் கடற்கரைக்காரி. விடிந்ததும் கூடையோடு பஸ் ஏறி முத்தாழங்குடிக்கு வந்து, நெத்திலியும் காரலும் விற்றுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறவள். அன்றைக்குக் கூடையை இறக்கி வைத்த கையோடு குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் பேகம்மா, உங்க தெருவுல யாரோ ஒரு அம்மா, பெத்தவ எலும்பத் தோண்டி ஏரோப்ளேன்ல அனுப்பப் போவுதாமே, நெசமா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"திருத்துறைப்பூண்டி பஸ்ல எம் பக்கத்துல ஒக்காந்திருந்த பொம்பள. அவளுக்கு அவ ஓரகத்தி சொல்லிச்சாம். ஓரகத்திக்கு உங்க ஊரு டீக்கடையில யாரோ சொன்னாங்களாம்."

"எந்த அம்மாவாம்?"

"பேரு தெரியல. சப்ப மூக்கா இருக்குமாம், செவப்பா..." தனபாக்கியம் நிமிர்ந்து மெஹராஜ் பேகத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து நெத்திலியைப் பார்த்தாள். "என் நாக்குல வசம்ப வச்சித்தான் தேய்க்கணும்" என்றாள்.

மெஹராஜ் பேகத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போனது. "எலும்பு இல்ல தனம். மண்ணு. ஒரு கைப்பிடி மண்ணு கேட்டாங்க. அவ்வளவுதான்."

"யாரு கேட்டா?"

"எங்க ராத்தா."

"உங்களுக்கு ஏது அக்கா? நீங்கதானே மூத்தவங்க?"

அதற்குப் பதில் சொல்ல ஒரு மீன்கூடை காலியாகிற நேரம் போதாது. மெஹராஜ் பேகம் நெத்திலியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பஞ்சாயத்துப் பலகையில் அது பள்ளிவாசல் கீழத் தெரு. ஆனால் சைகோன் தெரு என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும். முத்தாழங்குடி ஆண்களில் பலர் ஒரு காலத்தில் கப்பலேறிப் போய் சைகோனில் துணிக்கடை வைத்தவர்கள், அல்லது அடுத்தவர் துணிக்கடையில் நின்றவர்கள். மெஹராஜின் வாப்பா ஜெக்கரியா நின்றவர். அவரைப் போலப் பலரும் அங்கேயே பெண் கட்டி, அங்கேயே பிள்ளை பெற்று, சண்டை முடிந்து அந்த நாட்டில் ஆட்சி மாறியதும், கிடைத்த விமானத்தில் ஏறிப் பெட்டியும் பெண்டாட்டி பிள்ளைகளுமாகத் திரும்பிவந்தார்கள். ஜமாஅத் மனசு வைத்து, பள்ளிவாசலுக்குக் கிழக்கே இருந்த தென்னந்தோப்பில் வரிசையாக ஓட்டு வீடுகள் போட்டுக் கொடுத்தது. மெஹராஜுக்கு அப்போது ஒன்பது வயது.

தோப்பு தெருவானது. தெருவுக்கு ஒரு வாசனை வந்தது. வியட்நாம்காரிகள் மண்பானையில் நெத்திலியும் உப்புமாகப் போட்டு வாயைக் கட்டி வெயிலில் வைத்து, மாதக்கணக்கில் ஊறவிட்டுச் சாறு வடித்தார்கள். மேலத் தெருக்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கருவாடு மவுத்தாப் போயி மூணு நாளாச்சு போலிருக்கு" என்பார்கள். பட்டுக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து சீட்டாடுவார்கள் அந்தப் பெண்கள். தோற்றவளின் காதில் கடுக்கன் போலச் சீட்டைச் செருகிவிட்டுச் சிரிப்பார்கள். நோன்பு மாதத்தில் மாத்திரம் ஊரே சைகோன் தெருவுக்கு வரும். மெல்லிய அரிசி அப்பளத்தில் இறால் வைத்துச் சுருட்டிப் பொரித்த சாயோ அங்கேதான் கிடைக்கும். அந்த ஒரு மாதம் எவருக்கும் மூக்கில் வாசனை ஏறாது.

மெஹராஜின் உம்மாவுக்கு நிக்காஹில் வைத்த பெயர் ஆமினா. ஊருக்கு அவள் சைகோன் ஆமினா. வந்த புதிதில் ஒரு சைக்கிளில் ஏறித் திருத்துறைப்பூண்டிச் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பட்டுக் கால்சட்டை காற்றில் படபடக்க ஒரு பொம்பிளை சைக்கிள் மிதித்து வந்ததை வயலில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் ஜமாஅத்தில் இரண்டு பேர் வந்து ஜெக்கரியாவோடு டீ குடித்தார்கள். சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் சைக்கிள் இல்லை.

அதற்குப் பிறகு ஆமினா நடந்தாள். வேலை முடிந்ததும் மெஹராஜின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைவரைக்கும் போவாள். கரையின் இந்தப் பக்கம் மையவாடி, ஊரின் இறந்தவர்கள் எல்லாம் அடங்கியிருக்கிற இடம். அந்தப் பக்கம் நாற்றங்கால். நடுவில் நின்றுகொண்டுதான் அவள் மகளுக்குத் தன் பாஷை மறந்துவிடாமல் பாடம் சொன்னாள். அந்தப் பாஷையில் அம்மாவுக்கும் 'மா', கபுறுக்கும் 'மா', நாற்றுக்கும் 'மா'. தமிழில் எழுதிப் பார்த்தால் மூன்றும் ஒன்று. குரல்தான் வேறு.

"மோவாயத் தூக்கு. மா. அது நான்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டுவாள். "மோவாய எறக்கி, மறுபடி கொஞ்சம் ஏத்து. மா. அது அவங்க" என்று மையவாடிப் பக்கம் கை காட்டுவாள். "மோவாய நெஞ்சுல குத்தி அங்கியே நிறுத்து. மா. அது, அந்தா, பச்சையா நிக்கிது பாரு." சொல்லிவிட்டு மூன்றையும் கலந்து கலந்து கேட்பாள். மெஹராஜ் தப்பாகச் சொன்னால், "அடிப்பாவி, அம்மாவப் புடுங்கி நட்டுட்டியே" என்று சிரிப்பாள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தமிழில் சொல்வாள்.

ஊர்க்காரிகள் அவளைப் பார்த்துச் சிரிக்க இன்னொன்றும் இருந்தது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், ஆமினா வெறும் காற்றில் ஒரு கையை வைத்து "ரெண்டு" என்பாள். பிறகு மெஹராஜின் தலையில் கை வைத்து "மூணு" என்பாள். தம்பியின் தலையில் கை வைத்து "நாலு" என்பாள். "நிக்கிறது ரெண்டு உருப்படி, கணக்கு நாலுல முடியுது. சைகோன் ஆமினாவுக்கு ஒண்ணுன்னு ஒரு நம்பரே தெரியாது" என்று கேலி பேசுவார்கள். ஆமினாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

ஒன்று என்ற எண் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் ஊரில் மூத்த பிள்ளையை ஒன்று என்று கூப்பிடுவதில்லை, இரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். காத்து கருப்பு தலைப்பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்து 'ஒண்ணு யாரு?' என்று கேட்டால், 'அப்படி யாரும் இல்லையே' என்று சொல்லி அனுப்பிவிடலாமாம். அந்தப் பாஷையில் இரண்டு என்பது ஹாய். மூத்தவளைத் தங்கை கூப்பிடும்போது 'சி ஹாய்'. ஆமினாவின் ஹாய் சைகோனிலேயே நின்றுவிட்டாள். பெயர் லான். சண்டையில் செத்துப்போன முதல் புருஷனின் பிள்ளை. ஜெக்கரியாவின் மனைவிக்கும் ஜெக்கரியாவின் மக்களுக்கும் விமானத்தில் இடம் கிடைத்தது, லானுக்குக் கிடைக்கவில்லை. பதினான்கு வயதுப் பெண்ணைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, "போயி ஆள் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள் ஆமினா. அனுப்ப அவளுக்கு ஆள் ஏது?

கிளம்பிய அன்று காலையில் லான்தான் மெஹராஜுக்குத் தலை பின்னிவிட்டாள். வலிக்க வலிக்க, இறுக்கமாக. விமானம் மேலே ஏறும்போதும் மண்டை வலித்தது. அக்காவைப் பற்றி மெஹராஜ் பேகத்திடம் மிஞ்சியிருந்தது அந்த வலி ஒன்றுதான்.

ஆமினா இறந்தது ஓர் ஐப்பசி அடைமழையில். கபுறுக்குழியில் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்து இறைத்துத்தான் அடக்கினார்கள். உள்ளே இறங்கி உம்மாவைக் கையில் வாங்கி வைத்தவன் தம்பி. முத்தாழங்குடியில் பெண்கள் மையவாடிக்குள் போகிற வழக்கம் கிடையாது. அதனால் தம்பியே ஒரு மருதாணிக் கொம்பைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் நட்டுவிட்டு வந்து, "கரையில நின்னு பாத்தா தெரியும், ராத்தா" என்றான். தெரிந்தது. முள்வேலிக்கு அப்பால் மருதாணி புதராக வளர்ந்து பூத்தது. மெஹராஜ் பேகம் கலியாணமாகி, புருஷன் முபாரக்கைக் குவைத்துக்கு அனுப்பி, மகன் பாசித்தை வளர்த்து, முபாரக்கைப் பெட்டியில் திரும்ப வாங்கி, எல்லாம் ஆகும்வரைக்கும் அந்தப் புதர் அங்கே இருந்தது. கரையில் நின்று அதைப் பார்த்து ஃபாத்திஹா ஓதிவிட்டு வருவாள். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அந்தப் பாஷையிலும் இரண்டு வார்த்தை பேசுவாள். வேறு யாரிடம் பேசுவது? தெருவில் உம்மாவின் வயசுக்காரிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்த வீடுகள் பாரிசுக்குப் போயின. சில வீடுகளில் வளைகுடாப் பணத்தில் ஓடு போய்க் கான்கிரீட் வந்தது. தம்பி பூதலூர் பக்கம் ஒரு கலியாணத்துக்கு பைக்கில் போனவன், திரும்பவில்லை.

பிறகு கஜா புயல் வந்தது. மையவாடியில் இருந்த தூங்குமூஞ்சி மரங்கள் மொத்தமும் சாய்ந்தன. அவற்றை இழுத்துப் போட ஜேசிபி வந்தது. வேர் பறித்த பள்ளங்களை மூடி, தரையை ஒன்றாக நிரவி, சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். நல்ல காரியம்தான், நாய் நுழையாது, ஆடு நுழையாது. மருதாணிப் புதரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. மெஹராஜ் பேகமும் அன்றைக்கு வாயைத் திறந்து கேட்கவில்லை. வீட்டு ஓடெல்லாம் பறந்துபோய்க் கிடந்த நேரத்தில் ஒரு செடியைப் பற்றி என்ன கேட்பது?

லான் கிடைத்தது இந்த வருஷம். பாசித் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் கம்பெனியில் வியட்நாம் பெண்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருத்தி, பாசித்திடமிருந்து ஆமினாவின் சைகோன் காலத்துப் போட்டோ ஒன்றை வாங்கித் தன் ஊர் ஃபேஸ்புக் கூட்டத்தில் போட்டாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் மெஹராஜ் பேகத்தின் போனில் ஒரு கிழவி வந்து உட்கார்ந்தாள். உம்மாவின் நெற்றி. உம்மாவின் பல்வரிசை.

பக்கத்து வீட்டு நுஸைபா அப்போது கூட இருந்தாள். அவளுடைய உம்மாவும் சைகோன்காரிதான். ஆனால் நுஸைபா இங்கே பிறந்தவள், அந்தப் பாஷையில் சாப்பாட்டுப் பெயர்களைத் தவிர ஒன்றும் தெரியாது. மெஹராஜ் பேகம் "சி ஹாய்" என்றதும், "என்ன ராத்தா, அம்பது வருஷம் கழிச்சிப் பாக்குறீங்க, சும்மா ஹாய்ங்கறீங்க?" என்றாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். போனில் இருந்தவளும் என்னவென்று தெரியாமலேயே சிரித்தாள்.

மெஹராஜ் பேகத்தின் நாக்கில் இருந்தது ஒன்பது வயதுப் பிள்ளையின் பாஷை. அதிலும் பாதி துருப்பிடித்திருந்தது. லான் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பிறகு சட்டென்று கேட்டாள், "மா என்னைப் பற்றிப் பேசியதுண்டா?"

"உண்டு" என்றாள் மெஹராஜ் பேகம். உம்மா காற்றில் கை வைத்து எண்ணிய கதையைச் சொல்ல நினைத்தாள். அந்தப் பாஷையில் அதைக் கோத்துச் சொல்லத் தெரியவில்லை. லான் அந்த 'உண்டு'வை நம்பின மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். "சித்தி வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், உனக்கு அம்மா இல்லை என்று. விளையாட்டுக்குத்தான் சொல்வார்கள்" என்றாள். விளையாட்டு என்று சொல்லும்போது அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. உம்மாவின் நினைவு நாளில் கல்லறையைப் போனில் காட்ட வேண்டும். முடிந்தால் ஒரு கைப்பிடி மண். பாசித்தின் அந்த வியட்நாம் கூட்டாளி ஊருக்குப் போகும்போது கொடுத்தனுப்பினால் போதும், படத்துக்கு முன்னால் ஊதுவத்திக் கிண்ணத்தில் போட்டு வைத்துக்கொள்வாள். அவர்கள் ஊரில் பெற்றவளின் கல்லறையைக் கூட்டிப் பெருக்காத பிள்ளை பிள்ளையே இல்லை. நாளைக் கணக்குப் பார்ப்பதில்கூடச் சிரமம் இருக்கவில்லை. உம்மா மவுத்தானது அந்த ஐப்பசியில் எத்தனையாம் பிறை என்று மெஹராஜ் பேகத்துக்குத் தெரியும், அவர்களும் பிறை பார்த்துத்தான் நாள் எண்ணுகிறவர்கள்.

"காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மருதாணிப் புதர் இல்லாதது உறைத்தது.

மையவாடியைப் பார்த்துக்கொள்கிறவர் மூஸா. குழி வெட்டுவதும் அவர்தான், புல் செதுக்குவதும் அவர்தான். மெஹராஜ் பேகம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"காக்கா, எங்க உம்மா கபுறு எந்த எடம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த மருதாணி நின்ன எடந்தானே? அது..." மூஸா கையைத் தூக்கினார். தூக்கிய கை ஒரு பக்கமும் நிற்காமல் சுற்றியது. "ஜேசிபிக்காரன் எல்லாத்தையும் ஒண்ணா ஆக்கிட்டான் தங்கச்சி. பொய் சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் புதுசா வேற எத்தனையோ பேர அடக்கியாச்சு. ஆமா, நீங்க எலும்பு எடுக்கப் போறதாப் பேசிக்கிறாங்களே? ஜமாஅத்துல என்னைக் கூப்பிட்டு வெரட்டுறாங்க."

"எலும்பு இல்ல காக்கா. ஒரு கைப்பிடி மண்ணு. அதுவும் எங்க ராத்தாவுக்கு."

மூஸா தாடியைத் தடவினார். "மண்ணுதானே? எந்த மண்ணா இருந்தா என்ன? ஓரமா ஒரு பழைய கபுறு இருக்கு, தலைமாட்டுல மீஸான் கல்லோட, அழகா. நான் அங்க போய் நிக்கிறேன். நீங்க கரையில நின்னு போனைத் தூக்கிக் காட்டிடுங்க. அந்தம்மா மனசு ஆறிடும்."

நுஸைபாவும் அதைத்தான் சொன்னாள். "உள்ள இருக்குறது யாருன்னா கேக்கப் போறாங்க? காட்டிட்டு வாங்க ராத்தா. உண்மையச் சொன்னா அந்த மனுஷிக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிடும்."

அது சரியாகத்தான் பட்டது. மெஹராஜ் பேகம் ஒத்துக்கொண்டாள். ஆனாலும் தூக்கம் வராமல் புரளும்போது 'கல்லறை இல்லை' என்பதை அந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'கொம் கோ' என்றால் இல்லை. கொம் கோ மா. மோவாயை இறக்கி, மறுபடி கொஞ்சம் ஏற்றி. எதற்கும் இருக்கட்டும் என்று.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. தாளடி நடவுக்கு நாற்றுப் பறிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. பறித்துக் கட்டிய நாற்று முடிகளைத் தூக்கி எறிகிறவர்கள் வங்காளத்துப் பையன்கள். சைகோன் தெருவில் காலியாய்க் கிடந்த வீடுகளில் இப்போது அவர்கள்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். சாயங்காலமானால் வாசலில் நின்று போனில் தங்கள் ஊருக்குச் சத்தம் போட்டுப் பேசுவார்கள். ஒரு வார்த்தையும் விளங்காவிட்டாலும் மெஹராஜ் பேகம் அதை நின்று கேட்பாள்.

அஸர் தொழுகை முடிந்ததும் நுஸைபாவைக் கூட்டிக்கொண்டு கரையில் ஏறினாள். சுவருக்கு உள்ளே மூஸா ஏற்கெனவே அந்தப் பழைய கபுறின் தலைமாட்டில் வெள்ளைத் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். கரையில் நின்றாலும் சுவர் மறைத்தது. குதிகாலை எம்பி, கழுத்தை நீட்டி, போனைச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் உள்ளே தெரிந்தது.

லான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். பின்னால் உம்மாவின் இளவயசுப் படம், பழங்கள், சோற்றுக் கிண்ணம், புகைகிற ஊதுவத்தி. பேத்தி போனைப் பிடித்திருந்தாள். மூஸா குனிந்து கபுறைத் தொட்டுக் காட்டினார். கூத்தில் வேஷம் கட்டியவரைப் போலக் கொஞ்சம் அதிகமாகவே தொட்டுக் காட்டினார்.

"அதுவா?" என்றாள் லான்.

மெஹராஜ் பேகம் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தால் அது பொய் ஆகாது என்று நினைத்தாள்.

லான் தரையில் மண்டியிட்டாள். அறுபதைத் தாண்டிய மனுஷி, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டு, இரண்டு கையையும் கூப்பி, யாரோ ஒருவரின் மீஸான் கல்லைப் பார்த்து, "மா, ஹாய் நே" என்றாள். மா, ரெண்டு வந்திருக்கேன். அந்தக் குரலில் பதினான்கு வயசுதான் இருந்தது. பிறகு கல்லோடு பேசத் தொடங்கினாள். ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்கவில்லை. கோபமில்லை என்று சொன்னாள். எனக்குக் கோபமே இல்லை மா, நீ தூங்கு என்றாள்.

மெஹராஜ் பேகத்தால் தாங்க முடியவில்லை. அம்பது வருஷம் தேக்கி வைத்த மன்னிப்பு, போகிற இடம் தெரியாமல் எவருடைய கல்லிலோ போய்க் கொட்டுகிறது. "சி ஹாய்!" என்று கத்தினாள். "அது இல்லை, சி ஹாய். கொம் கோ மா!" லான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். காற்றில் கேட்கவில்லையோ என்று மெஹராஜ் பேகம் இன்னும் உரக்க, இன்னும் கழுத்தை நீட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "கொம். கோ. மா."

லான் கூப்பிய கையை எடுக்கவில்லை. முகம் மாத்திரம், விளக்கை அணைத்ததுபோல மாறியது. பேத்தி திரும்பிப் பாட்டியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். படம் ஆடியது. கூரை தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

"என்ன தங்கச்சி, நெட்டு போயிடுச்சா?" என்று மூஸா உள்ளேயிருந்து கேட்டார். அவர் கையில் மண் இருந்தது.

"உண்மையச் சொல்லிட்டேன் காக்கா."

நுஸைபா அவள் முதுகில் கை வைத்து இறக்கிக் கூட்டிவந்தாள். மெஹராஜ் பேகத்துக்கு அழுகை வரவில்லை. பாரம் இறங்கிய மாதிரிகூட இருந்தது. கல்லறை இல்லை என்று கேட்டால் யாருக்குத்தான் வலிக்காது? அழட்டும். அழுது முடித்துக் கூப்பிடுவாள். கூப்பிட்டதும் அந்த எண்ணிய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் நுஸைபா டீ போட்டுக் கொடுத்தாள். "அப்படி என்னதான் சொன்னீங்க ராத்தா? அவங்க மொகம் அப்படி ஆயிடுச்சு?"

"கபுறு இல்லன்னு சொன்னேன். கொம் கோ மா." டம்ளரைப் பார்த்தபடி, மோவாயை இறக்கி, மறுபடி கொஞ்சம் ஏற்றிச் சொன்னாள்.

நுஸைபா யோசித்தாள். "இல்லியே. இப்ப நீங்க சொல்றது கெணத்துல வாளிய விட்டுத் தூக்குன மாதிரி இருக்கு. அங்க நீங்க கத்துனது அப்படி இல்ல. பாங்கு சொல்ற மாதிரி மேலயே போச்சு. நான் நல்லாக் கேட்டேன்."

மெஹராஜ் பேகம் டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள். நடு வீட்டில் குதிகாலை எம்பி, ஒரு கையை மேலே தூக்கி, கழுத்தை நீட்டினாள். மோவாய் வானத்தைப் பார்த்தது.

மோவாயைத் தூக்கினால் அம்மா.

உனக்கு அம்மா இல்லை. கும்பிட்டுக்கொண்டிருந்தவளிடம், அம்பது வருஷமாக அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்தவளிடம், ஒரு தரம் அல்ல, காது கேட்கவில்லையோ என்று இரண்டாம் தரமும், நிறுத்தி நிறுத்தி.

"யா அல்லா" என்றாள்.

கூட வேலை பார்க்கிற அந்தப் பெண்ணைவிட்டு விளக்கச் சொல்லலாம் என்று பாசித்தைக் கூப்பிட்டாள். வேலை நேரத்தில் கம்பெனியில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், தெரிந்ததுதான், இருந்தாலும் கூப்பிட்டாள். குரலைப் பதிந்து அனுப்புங்கள் என்றாள் நுஸைபா. மெஹராஜ் பேகம் பதிந்தாள். போட்டுக் கேட்டாள். போனின் சின்ன வாயிலிருந்து அம்மாவும் கபுறும் நாற்றும் ஒரே குரலில் வந்தன. எது எதுவென்று அவளுக்கே விளங்கவில்லை. மறுபடி பதிந்தாள். மறுபடி அழித்தாள். தப்பாய்ச் சொன்னால் திருத்துகிறவள் அந்தச் சுவருக்குள் எங்கேயோ இருக்கிறாள்.

"நேராப் பேசிடுங்க ராத்தா. மொகத்தப் பாத்துப் பேசிட்டா புரிஞ்சிடும்."

ஆம். வாக்கியமே வேண்டாம். எடுத்தவுடன் காற்றில் ஒரு கையை வைத்து, ஹாய் என்று மட்டும் சொல்ல வேண்டும். அப்புறம் தன் தலையில் கை வைத்து மூன்று. பக்கத்து வெற்றிடத்தில் நான்கு. உம்மா எண்ணியபடி. கை காட்டினால் அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஏன் இது முதல் நாளே தோன்றவில்லை?

வெளியே மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடித்தார்கள். வங்காளத்துப் பையன்கள் சேற்றுக்காலோடு வந்து தெருக்குழாயில் கழுவிக்கொண்டிருந்தார்கள். மெஹராஜ் பேகம் போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்தாள். லானின் படத்தைத் தொட்டாள். மோவாய் தானாக ஏறிவிடக்கூடாது என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். மற்ற கையைக் காற்றில், நெஞ்சு உயரத்தில், பதினான்கு வயசுப் பெண்ணின் தலை இருக்கக்கூடிய இடத்தில் நிறுத்தி வைத்தாள்.

மணி அடித்தது. திரையில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

"இன்னொரு தரம் போடுங்க ராத்தா" என்றாள் நுஸைபா.

போட்டாள். கையை மறுபடி அதே உயரத்தில் வைத்தாள். அடித்துக்கொண்டிருந்தது.